நாலாம் டிவிஷன் கிளப்பும் நாமும்: வாசகர் கேள்வி-பதில்

பிரீமியர் லீக்கைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு சீசன் முழுக்க ஏதாவது ஒரு சின்ன இங்கிலாந்து கால்பந்து கிளப்பைப் பின்தொடர்ந்து பாருங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். உதாரணமாக லண்டனில் இருக்கிற ஏஎஃப்சி விம்பிள்டன் கிளப்பைச் சொல்லியிருந்தேன். இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. சிலவற்றுக்கு இங்கே பதில்.

உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்களை வீட்டு டிவியிலேயே பார்க்க முடிகிறபோது நாலாம் டிவிஷன் ஆட்டத்தை எதற்காகப் பார்க்க வேண்டும்? தரம் குறைவுதானே?
*வாசகர், திருச்சி*

தரம் குறைவுதான், மறுக்கவே இல்லை. பாஸ் தவறும், பந்து அடிக்கடி ஸ்டாண்டுக்குள் போகும், ஜனவரி பிப்ரவரியில் சில மைதானங்களில் புல்லைவிடச் சேறு அதிகமாகத் தெரியும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள், நீங்கள் நாளைக்கு லிவர்பூலை விட்டுவிட்டால் அந்த கிளப்புக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. இங்கிலாந்தில் மேலே பிரீமியர் லீக்கில் 20 கிளப், அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று தலா 24, மொத்தம் 92. டிவிப் பணம் மேலே மலையாகக் குவிந்து கீழே வரவரத் துளியாகிவிடுகிறது, அதனால் லீக் டூ கிளப்புக்கு டிக்கெட் விற்ற காசு, சீசன் டிக்கெட், ஆட்டத்தன்று விற்கிற பீர், 'பை' பலகாரம், டீ எல்லாமே பெரிய வருமானம். விம்பிள்டனின் பிளவ் லேன் மைதானத்தில் ஒன்பதாயிரம் பேருக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இடம். ஆயிரம் பேர் வராமல் போனால் அடுத்த வருஷம் எந்த ஸ்ட்ரைக்கரை வாங்க முடியும் என்பதே மாறிவிடும். நீங்கள் வந்தீர்களா இல்லையா என்பது அங்கே கணக்கில் வருகிறது, என்னை அந்தப் பக்கம் இழுத்தது அதுதான்.

அப்புறம், அங்கே மேலேயும் போகலாம், கீழேயும் விழலாம். லீக் டூவில் முதல் மூன்று இடம் பிடித்தால் நேராக லீக் ஒன். நாலாவதிலிருந்து ஏழாவது வரை வந்த நான்கு கிளப்புகள் பிளே-ஆஃப் ஆடி, ஒன்று மட்டும் மேலே போகும். கடைசி இரண்டு கிளப்புகள் 92-ஐ விட்டே வெளியேறி நேஷனல் லீக்குக்கு இறங்கிவிடும். பதினான்காம் இடத்தில் இருக்கிற கிளப்பின் ரசிகருக்குக்கூட மார்ச் மாதத்தில் ஒரு கண் மேலேயும் ஒரு கண் கீழேயும் இருக்கும். பிரீமியர் லீக்கில் பதினான்காம் இடத்தில் என்ன பரபரப்பு இருக்கிறது, சொல்லுங்கள்?

ஒரு சீசன் எப்படிப் போகும்? ஆகஸ்ட் முதல் மே வரை 46 ஆட்டம் என்கிறீர்கள். சலிக்காதா?
*கல்லூரி மாணவர், சென்னை*

சலிக்கும், தம்பி. நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, மழையில், பார்வையாளர்கள் பாதிகூட நிரம்பாத மைதானத்தில், கோலே விழாத ஆட்டம் வரும். அதையும் சேர்த்துத்தான் சீசன். இதை மாதவாரியாகப் பொதுவாகச் சொன்னால் புரியாது, விம்பிள்டனின் 2024-25 சீசனையே சொல்கிறேன்.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் லீக் கோப்பையில் இப்ஸ்விச் டவுன் பிளவ் லேனுக்கு வந்தது. அப்போதுதான் பிரீமியர் லீக்குக்கு ஏறியிருந்த கிளப். 2-2, பெனால்டியில் விம்பிள்டன் ஜெயித்துவிட்டது. அடுத்த சுற்றில் நியூகாசில் யுனைடெட், அதுவும் சொந்த மைதானத்தில் என்று குலுக்கலில் வந்தது. ஒரு லீக் டூ கிளப்புக்கு இதைவிடப் பெரிய ராத்திரி வருஷத்தில் ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். ரசிகர்கள் எல்லோரும் அதற்கே காத்திருந்தார்கள்.

செப்டம்பர் கடைசி வாரத்தில் கொட்டிய மழையில் பக்கத்தில் ஓடும் வாண்டில் ஆறு கரை தாண்டி மைதானத்துக்குள் வந்துவிட்டது. தண்ணீர் வடிந்ததும் பார்த்தால் புல்தரையில் ஆள் இறங்கிப் போகிற அளவுக்குப் பள்ளம், தரை உள்வாங்கியிருந்தது. அந்தப் படம் உலகம் முழுக்கப் பரவியது, நீங்களும் பார்த்திருக்கலாம். நியூகாசில் ஆட்டத்தை நியூகாசிலுக்கே மாற்ற வேண்டியதாகி, அங்கே 1-0 என்று தோற்றார்கள். ஒரு பெனால்டி கோல், அவ்வளவுதான். சொந்த மைதானத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் அதில் ஒருவன். ரசிகர்கள் பணம் திரட்டினார்கள், துப்புரவு வேலைக்கு ஆள் வந்தது, தரையைத் திரும்பப் போட்டு ஆட ஆரம்பித்தார்கள்.

குளிர்காலத்தில் ஆட்டங்கள் அடுக்கடுக்காக வரும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆட்டம், புத்தாண்டன்று ஆட்டம், மழையால் தள்ளிப்போனவை வாரத்தின் நடுவில். வெளியூர் ஆட்டம் என்றால் லண்டனிலிருந்து ஸ்காட்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற கார்லைல் வரை அந்த வருஷம் போக வேண்டியிருந்தது, அல்லது கடற்கரையோர பாரோ, மோர்கம், கிரிம்ஸ்பி. காலையில் இருட்டோடு பஸ் ஏறி, 90 நிமிஷம் பார்த்துவிட்டு, நடுராத்திரி தாண்டித் திரும்புகிறவர்கள் ஒவ்வொரு கிளப்பிலும் சில நூறு பேராவது இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு இருக்கிற மரியாதை சாதாரணமானது இல்லை.

நீங்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் லோன். இந்த டிவிஷனில் நல்ல ஆட்டக்காரர்கள் பலர் பெரிய கிளப்புகளிடமிருந்து ஒரு சீசனுக்கு வாடகைக்கு வந்தவர்கள். அந்த வருஷம் விம்பிள்டனின் கோல்கீப்பர் ஓவன் குட்மேன் கிரிஸ்டல் பேலஸ் பையன். மேமாதம் வந்தால் திரும்பிப் போய்விடுவான் என்று தெரிந்தும் மனசு ஒட்டிக்கொள்ளும், என்ன செய்ய. சொந்த ஆட்டக்காரர்களிலும் பலருக்கு ஒரு வருஷ ஒப்பந்தம்தான், சீசன் முடிந்ததும் யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை அனுப்புகிறோம் என்று கிளப் பட்டியல் போடும். அந்தப் பட்டியலைப் படிப்பது எந்தத் தோல்வியையும்விடக் கஷ்டமான வேலை.

சரி, முடிவுக்கு வருகிறேன். வால்சால் கிளப் ஜனவரியில் 12 புள்ளி முன்னிலையில் இருந்தது, கண்ணை மூடிக்கொண்டு மேலே போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். போகவில்லை. கடைசி நாளில் பிராட்ஃபோர்ட் சிட்டி 90 நிமிஷம் முடிந்து சேர்த்துக் கொடுத்த நேரத்தின் ஆறாவது நிமிஷத்தில் கோல் போட்டு மூன்றாம் இடத்தைப் பிடிக்க, வால்சால் நாலாவதாகி பிளே-ஆஃப்புக்கு வந்தது. விம்பிள்டன் ஐந்தாவது. அந்த இடமும் கடைசி நாள் வரை உறுதியாகவில்லை. அரையிறுதியில் நாட்ஸ் கவுண்டியை இரண்டு ஆட்டத்திலும் ஜெயித்து, 2025 மே 26 அன்று தேசிய மைதானமான வெம்பிளியில் வால்சாலைச் சந்தித்தார்கள். இடைவேளைக்குச் சற்று முன் மைல்ஸ் ஹிப்போலைட் போட்ட ஒரே கோல். 1-0. லீக் ஒன்னுக்குப் போயாகிவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் சலிப்பான அந்த நவம்பர் ராத்திரிகளைத் தவிர்த்துவிட்டு வெம்பிளியை மட்டும் பார்த்தவருக்கு அந்த கோல் வெறும் கோல்தான்.

எம்கே டான்ஸ் என்றாலே விம்பிள்டன் ரசிகர்கள் ஏன் இவ்வளவு கோபப்படுகிறார்கள்? காற்பந்தில் போட்டி இருக்கும், சரி. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதே, மறக்கக் கூடாதா?
*வாசகி, பூச்சோங், மலேசியா*

கூடாது என்றுதான் சொல்வேன். இது பக்கத்து ஊர்ப் போட்டி மாதிரி இல்லை, இங்கே ஒரு ஊரின் கிளப்பையே எடுத்துக்கொண்டு போனார்கள். அப்படி மில்டன் கீன்ஸுக்குப் போன கிளப்புக்கு வைத்த பெயர்தான் எம்கே டான்ஸ், 'டான்ஸ்' என்பது விம்பிள்டனின் செல்லப்பெயர்.

பழைய விம்பிள்டன் 1889-ல் தொடங்கியது. 1977-ல்தான் லீக்குக்குள் வந்தது, ஒன்பதே வருஷத்தில் முதல் டிவிஷனை எட்டியது, 1988-ல் எஃப்ஏ (இங்கிலாந்து கால்பந்துச் சங்கம்) கோப்பை இறுதியில் அப்போதைய சாம்பியன் லிவர்பூலை 1-0 என்று தோற்கடித்தது. லாரி சான்செஸ் கோல் போட்டார், ஜான் ஆல்டிரிட்ஜ் அடித்த பெனால்டியை டேவ் பீசன்ட் தடுத்தார். வெம்பிளி கோப்பை இறுதி ஒன்றில் பெனால்டி தடுக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. மூன்று வருஷத்தில் சொந்த மைதானத்தை விட்டு கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் வாடகைக்கு ஆட வேண்டியதாயிற்று. பிறகு முதலாளிகள் கிளப்பைக் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸ் என்ற புதிய நகரத்துக்குக் கொண்டுபோக முடிவு செய்தார்கள். 2002 மே 28 அன்று எஃப்ஏ நியமித்த மூவர் குழு அதற்கு அனுமதியும் கொடுத்துவிட்டது. ரசிகர்கள் கீழிருந்து புதிதாக ஒரு கிளப்பைத் தொடங்குவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்தது இல்லை என்று அந்தக் குழு தன் தீர்ப்பில் எழுதியது. இதைப் படிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் வருகிறது.

ரசிகர்கள் அதைத்தான் செய்தார்கள். சில வாரத்துக்குள் ஏஎஃப்சி விம்பிள்டன் பிறந்தது, ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க விம்பிள்டன் காமன் என்ற பொதுவெளியில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவித்தார்கள், இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். முதல் நட்பு ஆட்டத்தில் சட்டன் யுனைடெட்டிடம் 4-0 என்று தோல்வி, ஆனால் பார்க்க வந்தவர்கள் நாலாயிரத்து அறுநூறுக்கு மேல்! உள்ளூர்க் குட்டி லீக்கில் தொடங்கி, நடுவில் 78 லீக் ஆட்டங்கள் தொடர்ந்து தோற்காமல், ஒன்பது சீசனில் ஐந்து தடவை மேலேறி 2011-ல் 92-க்குள் வந்துவிட்டார்கள். 2020 நவம்பரில் பழைய மைதானத்துக்கு எட்டும் தூரத்தில், நாய்ப் பந்தயம் நடந்த இடத்தில், புதிய பிளவ் லேன் திறந்தது. அப்போது கோவிட் காலம் என்பதால் முதல் ஆட்டத்தைப் பார்க்க ஒரு ரசிகர்கூட உள்ளே போக முடியவில்லை. இத்தனை வருஷம் காத்திருந்தவர்களுக்கு அப்படி ஒரு திறப்பு.

எம்கே டான்ஸ் வந்து ஆடியபோது ஸ்கோர்போர்டில் 'டான்ஸ்' என்பதை விட்டுவிட்டார்கள், அது லீக் நிர்வாகத்தின் நடவடிக்கை வரை போனது. எனக்கு இதில் கிளப் பக்கம்தான் நியாயம் தெரிகிறது, பெயரும் அவர்களுடையதுதானே. 2024 மார்ச்சில் பிளவ் லேனில் ரோனன் கர்ட்டிஸ் 90 நிமிஷம் தாண்டிச் சேர்த்துக் கொடுத்த நேரத்தில் கோல் போட்டு எம்கே டான்ஸை 1-0 என்று தோற்கடித்த காட்சி கிடைத்தால் பாருங்கள், உங்கள் கேள்விக்கு அந்த ஒரு நிமிஷம் போதும். மில்டன் கீன்ஸில் பிறந்து வளர்ந்து அந்த கிளப்பை நேசிக்கிற பிள்ளைகள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, அவர்கள் ஒன்றும் திருடவில்லை.

எங்கட மகனுக்குப் பதினொரு வயது. கூடப் படிக்கிற பிள்ளையள் எல்லாம் செல்சி, ஆர்சனல் எண்டு நிற்க, இவன் பிளவ் லேனுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு கேட்கிறான். நான் மைதானத்துக்குப் போய் உதைபந்தாட்டம் பார்த்ததே இல்லை. குளிர், சனம், குடிச்சுப்போட்டு வாறவையள் எண்டு பயமாக் கிடக்கு. போகலாமோ?
*ஒரு தாய், டூட்டிங், லண்டன்*

தாராளமாகப் போங்கள் அக்கா. உங்கள் மகன் நல்ல தேர்வு செய்திருக்கிறான்.

நீங்கள் இருக்கிற இடத்திலிருந்து பிளவ் லேன் நடந்தே போகிற தூரம், விம்பிள்டன் எஃப்ரா ரோடு கணபதி கோவிலுக்குப் போய்ப் பழக்கம் இருந்தால் வழி பாதி தெரிந்த மாதிரிதான். ரயிலில் வருகிறவர்கள் ஹேடன்ஸ் ரோடு நிலையத்தில் இறங்குவார்கள். டிக்கெட்டை ஆன்லைனில் முன்னாடியே வாங்கிவிடுங்கள், பிள்ளைகளுக்கு விலை குறைவு. குடும்பங்கள் உட்காரும் பகுதி எது என்று டிக்கெட் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பாடுகிற பகுதியை முதல் தடவை தவிர்த்துவிடுங்கள், ஆபத்து என்பதற்காக இல்லை, முன்னால் நிற்பவர்கள் மறைத்துவிட்டால் பிள்ளைக்கு ஆட்டம் தெரியாது. கெட்ட வார்த்தை காதில் விழும், அதை மறைத்துச் சொல்லிப் பயனில்லை.

குளிருக்கு: இரண்டு ஜோடி சாக்ஸ், தொப்பி, கையுறை. கால் வழியாகத்தான் குளிர் ஏறும். நீங்கள் இருவரும் தனியாகத் தெரிவோமோ என்று ஒரு தயக்கம் மனதில் இருந்தால் அதையும் சொல்லிவிடுகிறேன், 2020-ல் கோவிட் வந்தபோது இந்த கிளப்பின் ரசிகர்கள் சேர்ந்து ஒரு உதவிக் குழு தொடங்கி உங்கள் சுற்றுவட்டார வீடுகளுக்கு உணவுப் பொருள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்தப் பகுதியில் வசிக்கிற எல்லோருக்கும் பொதுவான கிளப் என்பதை அவர்கள் செயலில் காட்டியவர்கள்.

ஒரு வேண்டுகோள் மட்டும். முதல் ஆட்டம் தோற்றுவிட்டால் அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். குறைந்தது நாலைந்து ஆட்டம் பார்க்கட்டும்.

பணக்கார முதலாளி இல்லாத கிளப் ஒருநாள் காணாமல் போய்விடாதா? அப்புறம் நாம் வைத்த பாசமெல்லாம் வீண்தானே?
*வாசகர், மதுரை*

முதலாளி இருந்த கிளப்புகள்தான் அதிகமாகக் காணாமல் போயின, ஐயா. பரி என்று ஒரு கிளப், 1885-ல் தொடங்கியது, இரண்டு தடவை எஃப்ஏ கோப்பை வென்றது, 1903 இறுதியில் 6-0 என்று ஜெயித்தது இன்றைக்கும் சமன் மட்டுமே செய்யப்பட்ட சாதனை. 2019-ல் லீக் டூவில் இரண்டாவதாக வந்து மேலேறிய சில மாதத்தில், கடன் சிக்கலில், ஆகஸ்ட் 27 அன்று லீக்கை விட்டே நீக்கப்பட்டது. மைதானத்தில் நன்றாக ஆடி ஜெயித்த கிளப் அது. மோர்கம் கிளப்பில் 2025 கோடையில் சம்பளம் போகாமல், சீசன் தொடங்கியும் ஆட முடியாமல் நின்று, ஆகஸ்டில் பஞ்சாப் வாரியர்ஸ் என்ற குழு வாங்கித்தான் மூச்சு வந்தது. பயிற்சியாளராக அஷ்வீர் சிங் ஜோஹலை நியமித்தார்கள்.

விம்பிள்டனில் பெரும்பான்மைப் பங்கு டான்ஸ் டிரஸ்ட் என்ற ரசிகர் அமைப்பிடம் இருக்கிறது, ஆளுக்கு ஒரு ஓட்டு. மைதானம் கட்டி முடிக்கப் பணம் போதாமல் திண்டாடியபோது வெளிமுதலாளிக்கு விற்கலாமா என்ற பேச்சு வந்தது, கடைசியில் ரசிகர்களுக்கே கடன் பத்திரம் விற்று 50 லட்சம் பவுண்டுக்கும் மேல் திரட்டினார்கள். எக்சிட்டர் சிட்டியும் 2003 முதல் ரசிகர்கள் கையில். 2005 ஜனவரியில் எஃப்ஏ கோப்பையில் ஓல்டு டிராஃபோர்டுக்குப் போய் மான்செஸ்டர் யுனைடெட்டுடன் 0-0 எடுத்து, மறு ஆட்டமும் கிடைத்து, அந்த வசூல் கடனை அடைக்கப் பேருதவியாக இருந்தது.

ரசிகர்கள் நடத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பணம் குறைவு, நல்ல ஆட்டக்காரர் வளர்ந்ததும் விற்றாக வேண்டும், கூட்டங்களில் சண்டை வரும். ஆனால் கிளப்பை வேறு ஊருக்கு எடுத்துக்கொண்டு போக யாராலும் முடியாது. பரி ரசிகர்களும் விடவில்லை, 2023-ல் தங்கள் பழைய கிக் லேன் மைதானத்துக்கே திரும்பி வந்து இப்போது கீழ் லீக்கில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். பாசம் வீண் என்று அவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

நம் ஊர் கிளப்பை விட்டுவிட்டு இங்கிலாந்து கிளப்பை எதற்கு ஆதரிக்கச் சொல்கிறீர்கள்?
*வாசகர், கோவை*

உங்கள் கோபம் புரிகிறது, அதுவும் கோவையிலிருந்து வருகிறபோது. 2019-ல் சென்னை சிட்டி எஃப்சி உங்கள் நேரு ஸ்டேடியத்தில் ஐ-லீக் சாம்பியன் ஆனது, இன்று தேசிய லீக் எதிலும் அந்த கிளப் இல்லை. நான் இதைத்தான் கேட்கிறேன்: அந்த கிளப் நின்றுபோனபோது அதைக் கையில் எடுக்க நம்மிடம் என்ன அமைப்பு இருந்தது? விம்பிள்டனைப் பார்க்கச் சொல்வதில் எனக்கு அந்த ஆசையும் உண்டு. உங்கள் மாவட்ட லீக் ஆட்டம் நடந்தால் முதலில் அங்கே போங்கள், இங்கிலாந்து ஆட்டம் ராத்திரிதான்.

தொடர்ந்து தோற்றால் எப்படித் தாங்குவது?
*வாசகி, புதுச்சேரி*

விம்பிள்டன் 2021 டிசம்பர் தொடக்கத்துக்குப் பிறகு அந்த சீசன் முடியும் வரை ஒரு லீக் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஐந்து மாதம்! கீழேயும் இறங்கிவிட்டார்கள். அப்போதும் ஆட்கள் வந்தார்கள், திட்டினார்கள், அடுத்த வாரமும் வந்தார்கள். தாங்குவதற்கு வழி எதுவும் எனக்குத் தெரியாது, கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து பாருங்கள், தனியாகப் பார்த்தால் கஷ்டம்.

இந்தியாவிலிருந்து எப்படிப் பின்தொடர்வது? நேரம் என்ன?
*வாசகர், நாகர்கோவில்*

சனிக்கிழமை மூன்று மணி ஆட்டத்தை இங்கிலாந்துக்குள் டிவியில் காட்டத் தடை உண்டு, கீழ் டிவிஷன் மைதானங்களுக்குக் கூட்டம் குறையக் கூடாது என்று பல பத்தாண்டுகளாக இருக்கிற ஏற்பாடு. வெளிநாட்டுக்கு அது பொருந்தாது, அதனால் கிளப்பின் இணையதளத்தில் நேரடி ஒளிபரப்போ ஒலி வர்ணனையோ வாங்க முடிகிறதா என்று பாருங்கள். என் விருப்பம் ஒலி வர்ணனை, செலவும் குறைவு, உள்ளூர்க்காரர்களே பேசுவார்கள். நமக்கு அது கோடையில் ஏழரை மணி, அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் கடைசி வரை எட்டரை. ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக இருக்கும். குளிர்காலச் செவ்வாய்க்கிழமை ஆட்டம் நமக்கு நடுராத்திரி தாண்டி ஒன்றேகால் மணிக்குத் தொடங்கும், மறுநாள் வேலை இருந்தால் தூங்கிவிட்டுக் காலையில் ஸ்கோர் பாருங்கள்.